இன்னொன்று

அறுபத்தாறு வயதில் ஒருவர் இரண்டாவது கார் ஒன்றை வாங்குகிறார். முதல் கார் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் குறை ஒன்றுமில்லை. இரண்டாவதும் அதே கம்பெனியின் கார். முதலாவதைவிடப் பழையது, மெதுவானது, சௌகரியம் குறைந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பணம் உள்ளவன் வாங்குகிறான், இல்லாதவன் வேடிக்கை பார்க்கிறான் என்று முடித்துவிடலாம். நானும் சில நாட்கள் அப்படித்தான் முடித்து வைத்திருந்தேன்.

ஸ்டுட்கார்ட் நகருக்கு வெளியே, திராட்சைக் கொடிகள் ஏறும் சரிவில் இருக்கிறது அவர் வீடு. ஒரு மொழிபெயர்ப்பு வேலையாகப் போனவன் மூன்று வாரம் அவர் வீட்டு மாடியில் தங்கினேன். பள்ளியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவர். 1970ஆம் வருஷத்து போர்ஷே 911 டி ஒன்று முப்பது வருஷத்துக்கு மேலாக அவரிடம் இருக்கிறது. உபாத்தியாயர் சம்பளத்தில் அது வாங்கக்கூடியதாக இருந்த ஒரு காலம் உண்டு, அப்போது வாங்கியது. நான் போய்ச் சேர்ந்த வாரம் 1964ஆம் வருஷத்து 356 சி ஒன்று லாரியில் வந்து இறங்கியது. இது இப்போதைய விலைக்கு வாங்கியது. தாய்வழியில் வந்த சிறு திராட்சைத் தோட்டம் ஒன்றை விற்று வாங்கியது. அவர் மனைவி சமையலறை ஜன்னலைத் திறந்து பார்த்தார். ‘இன்னொன்றா?’ என்றார். ஜன்னலை மூடிக்கொண்டார்.

அந்தக் குரலில் கோபம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஏளனமும் இல்லை. ஆனால் கேள்வி முழுசாக இருந்தது. முதலாவதுக்கு மனிதனிடம் எப்போதும் பதில் இருக்கும். சிறு வயதில் கண்ட கனவு, அப்பா ஓட்டியது, வேலைக்குப் போக வேண்டியிருந்தது என்று ஏதோ ஒன்று. இரண்டாவதுக்கு இந்தப் பதில்கள் எதுவும் உதவாது. தேவை முதலாவதோடேயே தீர்ந்துவிட்டது. கனவும் அப்படித்தான், பலித்த கனவை மறுபடி காண்பதற்கில்லை. எனவே ஆசையை அதன் துணிமணி இல்லாமல் பார்க்க வேண்டுமென்றால் இரண்டாவது வாங்கலைத்தான் பார்க்க வேண்டும். நம்முடைய நீதிநூல் மரபு ஆசை வேண்டாம் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறது. எந்த ஆசை, எத்தனையாவது ஆசை என்று அது நின்று கேட்பதில்லை.

வாங்கிய பொருள் எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு அந்தரத்தில் நின்றுவிடும்.

பெட்ரோல் எரிந்து எழும் வெப்பத்தை எஞ்சின் எங்காவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். அநேகமாக எல்லாக் கார்களிலும் தண்ணீர் அதைச் சுமந்து சென்று ரேடியேட்டரில் இறக்கிவைக்கிறது. இந்தக் கார்களில் தண்ணீர் கிடையாது. சிலிண்டர்களைச் சுற்றி மெல்லிய உலோகச் செதில்கள். பெல்ட்டில் சுழலும் ஒரு விசிறி அவற்றின்மேல் காற்றை அடிக்கிறது. மிச்ச வெப்பத்தை எண்ணெய் வாங்கிக்கொள்கிறது. எஞ்சின் இருப்பது காரின் முன்பக்கத்தில் அல்ல, பின் சக்கரங்களுக்கும் பின்னால். 356இல் படுத்துக் கிடக்கும் நான்கு சிலிண்டர், 75 குதிரைத் திறன். 911இல் ஆறு, அந்த 1970 மாடலில் 125 குதிரைத் திறன். இன்று சாதாரணக் குடும்பக் கார்களே இதைத் தாண்டிவிடுகின்றன. தண்ணீர் உறை இல்லாததால் சத்தத்தை மூடிவைக்க ஒன்றுமில்லை. விசிறி, சங்கிலி, வால்வு எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். ஒரு இயந்திரம் தன் வேலையை மறைக்காமல் செய்கிறது என்பது இவற்றின்மேல் பலருக்குள்ள பிரியத்துக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நல்ல வசனத்தைப் பற்றியும் சிலர் இப்படிச் சொல்வதுண்டு. அதை நான் முழுசாக ஒப்புக்கொண்டதில்லை.

1948இல் ஆஸ்திரியாவின் க்முண்ட் என்ற ஊரில், மரம் அறுக்கும் பட்டறை இருந்த இடத்தில், முதல் 356 உருவாயிற்று. 1963இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அதற்கு வாரிசாக 901 காட்டப்பட்டது. நடுவில் சுழியம் வரும் மூன்றிலக்க எண்கள் தனக்கே சொந்தம் என்று பெழோ கம்பெனி ஆட்சேபிக்க, அது 911 ஆயிற்று. (எண்ணுக்குக்கூட உடைமையாளர் உண்டு என்பதை இந்தக் கட்டுரையின் ஓரத்தில் குறித்துவைக்கலாம்.) காற்றால் குளிரும் 911 வரிசை 1998 மார்ச்சில் நின்றது. புகை, சத்தம் பற்றிய சட்டங்களையும், சிலிண்டருக்கு நான்கு வால்வு என்ற புதிய அமைப்பையும் காற்றை வைத்துச் சமாளிக்க முடியவில்லை. அதே மாதம் 27ஆம் தேதி ஃபெரி போர்ஷே இறந்தார். இதில் அர்த்தம் தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும். 1998க்குப் பிறகு இந்த வகைக் காரை வாங்குகிற ஒவ்வொருவரும் முடிந்துபோன ஒன்றைத்தான் வாங்குகிறார்கள். எண்ணிக்கை இனி கூடாது, குறைந்துகொண்டே போகும்.

1909இல் மரினெட்டி தன் அறிக்கையில் ஓட்டப் பந்தயக் காரைக் கிரேக்கச் சிலைக்கு மேலே வைத்தார். மியூசியங்களை இடிக்க வேண்டும் என்றார். நவீனத்துவத்தின் பிறப்புச் சான்றிதழ்களில் ஒன்று அது. ஸ்டுட்கார்ட்டில் இன்று அந்தக் காருக்கே மியூசியம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஜனங்கள் போகிறார்கள். வேகத்தை வழிபட்டவர்களின் பேரப்பிள்ளைகள் மெதுவான கார்களைத் தேடி வாங்குகிறார்கள். புதுமை பழசாகும்போது அதைப் பழமை என்று சொல்வதா, பழசாகிவிட்ட புதுமை என்று சொல்வதா? இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கோயில் தேர் செய்யப்பட்ட நாளிலேயே பழமையைச் சேர்ந்ததாகத்தான் செய்யப்பட்டது. இந்தக் கார் நாளையைச் சேர்ந்ததாகச் செய்யப்பட்டது. அந்த நாளை வந்துவிட்டது, வேறு மாதிரி இருக்கிறது. வராமல் போன ஒரு நாளையின் மீதி இவர் கொட்டகையில் நிற்கிறது.

கொட்டகையில் நிற்பது, ஓடுவது: இவற்றுக்கிடையேதான் பெரிய தகராறு. இந்தக் கார்களின் விலை ஏற ஏற, அவற்றை ஓட்டாதவர்களின் தொகையும் ஏறிவிட்டது. ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில், பாலித்தீன் கூடாரத்துக்குள், பாட்டரிக்கு நூலளவு மின்சாரம் ஊட்டியபடி வைத்திருக்கிறார்கள். எஞ்சின் எண்ணும் கியர்ப்பெட்டி எண்ணும் தொழிற்சாலைப் பதிவோடு ஒத்துப்போனால் ஒரு விலை. போகாவிட்டால் வேறு விலை. ஓடிய தூரம் குறைவாக இருந்தால் இன்னும் அதிக விலை. அதாவது, ஓடாமலிருந்ததற்கே காசு. என்னவோ விபரீதமாக இருக்கிறது இது. ஆனால் இதை விபரீதம் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? படிக்காமல் அடுக்கி வைத்திருக்கிற புத்தகங்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம் ஊர்க் கிரயப் பத்திரங்களில் ஒரு வாசகம் வரும். சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று. ஆள்வதும் அனுபவிப்பதும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. எழுதிய குமாஸ்தாவுக்கு அது வெறும் வாய்ப்பாடு. ஆனால் இந்த இரண்டும் பிரியும் என்பதை வேறு எந்தச் சொற்றொடரும் எனக்கு இத்தனை தெளிவாகக் காட்டியதில்லை. பெட்டகத்தில் வைத்திருப்பவன் ஆள்கிறான், அனுபவிக்கவில்லை. வாடகைக்கு ஒரு நாள் எடுத்து ஓட்டுகிறவன் அனுபவிக்கிறான், ஆளவில்லை. அகஸ்டீன் இதையே வேறு திசையிலிருந்து பிரித்தார். சில பொருட்கள் பயன்படுத்த, சில அனுபவிக்க. பயன்படுத்த வேண்டியதை அனுபவிக்க முற்பட்டால் வழி தவறும் என்பது அவர் கவலை. அவர் கணக்கில் உண்மையாக அனுபவிக்கத் தக்கது கடவுள் ஒன்றுதான். அந்த உச்சத்திலிருந்து பார்த்தால் காரை ஓட்டுகிறவனும் பூட்டி வைக்கிறவனும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். நான் அந்த உச்சத்தில் இல்லை. எனக்கு இருவரும் ஒன்றாகத் தெரியவில்லை.

காரணம் ஒரு அளவுகோல். 911இல் எண்ணெய் எஞ்சினின் அடியில் தங்குவதில்லை, தனித் தொட்டியில் இருக்கிறது. அதன் மட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் கார் சமதரையில் நிற்க வேண்டும், எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், அது ஓடிக்கொண்டும் இருக்க வேண்டும். நிறுத்திவிட்டுக் குச்சியை உருவிப் பார்த்தால் மட்டம் குறைவாகக் காட்டும். எண்ணெய் தொட்டியிலிருந்து வேறு இடத்துக்கு இறங்கியிருக்கும். தெரியாதவர் பயந்து மேலும் ஊற்றுவார், அது அளவுக்கு மீறிப்போகும். ஓடாதபோது அளந்தால் பொய் சொல்கிற பொருள் அது. இதை அவர் எனக்குக் காட்டியபோது தத்துவமாக எதுவும் சொல்லவில்லை. கைத்துணியைத் தேடிக்கொண்டிருந்தார். சும்மா நிறுத்தி வைத்த காரும் அப்படியே இருந்துவிடுவதில்லை. ரப்பர் இறுகி வெடிக்கிறது, பெட்ரோல் கெடுகிறது, பிரேக் திரவம் காற்றின் ஈரத்தைக் குடிக்கிறது. ஓட்டினால் தேய்கிறது, ஓட்டாவிட்டால் மக்குகிறது. பாதுகாப்பு என்று மூன்றாவதாக ஒன்று கிடையாது. எந்த அழிவு என்று தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் மட்டும் உடைமையாளனுக்கு உண்டு.

அசல் என்ற சொல்லும் இங்கே நிற்க மறுக்கிறது. ஜானிஸ் ஜாப்ளின் 1968இல் 3,500 டாலருக்குப் பழைய 356 சி ஒன்றை வாங்கினார். தன் குழுவோடு சுற்றிய டேவ் ரிச்சர்ட்ஸ் என்பவரிடம் கொடுத்து, உடல் முழுதும் மலை, பள்ளத்தாக்கு, கண், பட்டாம்பூச்சி என்று வர்ணம் தீட்டச் சொன்னார். அதை அவர் எங்கும் ஓட்டித் திரிந்தார். 1970 அக்டோபரில், சாவதற்கு மூன்று நாள் முன்பு, கடவுளிடம் வேறொரு கம்பெனிக் காரை வேண்டும் பாட்டை ஒலிப்பதிவு செய்தார். கேலிப் பாட்டு அது, கேலி தன்மேலும் படும்படியானது. அவர் போன பிறகு ஓவியம் உரிந்து போக, காருக்கு அதன் முதல் சாம்பல் நிறத்தையே அடித்துவிட்டார்கள். தொழிற்சாலைப் பதிவின்படி இப்போதுதான் அது அசல். பிறகு 1990களில் குடும்பத்தார் புகைப்படங்களைப் பார்த்து ஓவியத்தை மறுபடி தீட்டச் செய்தார்கள். 2015 டிசம்பரில் ஏலத்தில் 17 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது இந்த நகல்தான். சாம்பல் நிறம் உண்மையான பொய், ஓவியம் பொய்யான உண்மை என்று நான் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். மறுநாள் படித்தபோது அது வெறும் சாமர்த்தியமாகத் தெரிந்தது. விஷயம் எளிது: ஒரு பொருளுக்குத் தொழிற்சாலை விட்ட நாள் ஒன்றே பிறந்தநாள் அல்ல. பாடபேதம் பார்க்கிறவர்களுக்கு இது புதிதாக இராது.

ஆனால் பிறந்த இடத்தைப் பற்றி இன்னொன்று பேச வேண்டும். அனுபவிப்பதைப் பற்றி எழுதுகிறவன் இதைத் தாண்டிக் குதிக்க முடியாது. 1931இல் ஸ்டுட்கார்ட்டில் போர்ஷேயின் வடிவமைப்பு அலுவலகம் தொடங்கியபோது பங்காளிகள் மூவர். ஃபெர்டினாண்ட் போர்ஷே, அவர் மருமகன் ஆன்டன் பீயெஹ், மூன்றாவதாக அடால்ஃப் ரோசன்பெர்கர். இவர் பந்தயக்காரர், முதல் போட்டவர், யூதர். பத்தில் ஒரு பங்கு இவருடையது. 1935இல் அந்தப் பங்கு முகமதிப்புக்கு வாங்கப்பட்டது. அதே வருஷம் அவர் கைதாகி, கிஸ்லாவ் முகாமில் அடைக்கப்பட்டார். வெளியே வந்து நாட்டைவிட்டுப் போனார். போருக்குப் பின் வழக்குப் போட்டார். 1950இல் சமரசம் ஆயிற்று: 50,000 மார்க், கூட ஒரு ஃபோக்ஸ்வாகன் கார். அமெரிக்காவில் வேறு பெயரில் வாழ்ந்து 1967இல் இறந்தார். ஃபெர்டினாண்ட் போர்ஷே அந்த ஆட்சிக்காக வடிவமைத்த மக்கள் காருக்கு வாராவாரம் ஐந்து மார்க் முத்திரை ஒட்டிச் சேமித்தவர்கள் சுமார் 3,36,000 பேர். ஒருவருக்கும் கார் வரவில்லை. போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் அடிமை உழைப்பு நடந்தது. 356இன் எஞ்சின் அந்த மக்கள் காரின் எஞ்சினிலிருந்து கிளைத்ததுதான்.

இதை எனக்குச் சொன்னதே அவர்தான். நான் அதை ஆயுதமாக எடுத்துக்கொண்டு அவரிடம் திரும்பினேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ‘இது தெரிந்துமா நிலத்தை விற்று வாங்கினீர்கள்?’ என்று கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை.

‘தெரிந்து ஓட்டுவது தெரியாமல் ஓட்டுவதைவிட மேல் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டும் ஓட்டுவதுதான்’ என்றார்.

இந்தப் பதிலை நான் அப்போது தப்பித்தல் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. பிரக்ஞையே பரிகாரம் என்று நாம், எழுதுகிறவர்கள், வெகு சுலபமாக நம்பிவிடுகிறோம். ஒரு கொடுமையை அறிந்து, அதற்கு ஒரு நல்ல வாக்கியம் கண்டுபிடித்துவிட்டால், அதிலிருந்து நாம் விலகிவிட்டதாக ஓர் உணர்வு வந்துவிடுகிறது. அவர் அந்த விலகலைத் தனக்கு அனுமதிக்கவில்லை. சுகத்தையும் விடவில்லை, நியாயமும் தேடவில்லை. இது போதுமா என்றால், போதாது. ஆனால் நான் அவருக்கு நீட்டிய குற்ற உணர்வு இதைவிடப் போதுமானது என்று எப்படிச் சொல்வேன்?

சட்டம் அவருக்குச் சாதகமாக நியாயம் தேடித் தருகிறது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஜெர்மனியில் முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட, நன்கு பேணப்பட்ட வாகனங்களுக்கு எண் பலகையில் ஒரு தனி எழுத்து கிடைக்கும். வருஷ வரி ஒரே மாதிரியான சிறு தொகை. புகைக் கட்டுப்பாட்டு வட்டாரங்களுக்குள்ளும் போகலாம். வாகனத் தொழில்நுட்பப் பண்பாட்டுச் செல்வத்தைப் பேணுதல் என்று சட்டமே காரணம் சொல்கிறது. 2019இல் ஸ்டுட்கார்ட்டில் பழைய டீசல் கார்களுக்குத் தடை வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷப் பழைய டீசல் காரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன் வெளியே நின்றான். ஐம்பது வருஷப் பழைய விளையாட்டுக் கார் உள்ளே போயிற்று. இந்தக் கார்கள் எண்ணிக்கையில் குறைவு, வருஷத்தில் கொஞ்ச தூரமே ஓடுகின்றன என்பது சரியான வாதம்தான். இருந்தாலும் ஒருவனுடைய தேவை குற்றமாகவும் இன்னொருவனுடைய ஆசை பண்பாடாகவும் பதிவாகிற இடம் இது. பண்பாடு என்ற சொல்லை வைத்துப் பிழைக்கிறவர்கள் நாமும்தான்.

நான் தள்ளிப்போட்ட விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் ‘எழுத்து’ பத்திரிகையின் சில இதழ்கள் இரண்டிரண்டு பிரதி இருக்கின்றன. முதல் பிரதி இருக்கும்போதே, பழைய புத்தகக் கடையில் மறுபடி கண்ணில் பட்டபோது வாங்கினேன். ஏன் என்று வீட்டில் கேட்டபோது, வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்றேன். இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. 1931இல் பெஞ்சமின் தன் நூலகத்தைப் பெட்டியிலிருந்து பிரித்து அடுக்குவதைப் பற்றி எழுதியபோது, சேகரிப்பவனுக்குப் பழைய புத்தகம் ஒன்றை அடைவது அதன் மறுபிறப்பு என்றார். போத்ரியார் அவ்வளவு தயவு காட்டவில்லை. சேகரிப்பில் எப்போதும் ஒன்று குறைய வேண்டும், அந்தக் குறைதான் அதை உயிரோடு வைத்திருக்கிறது, எல்லாம் கிடைத்துவிட்டால் சேகரிப்பவன் செத்தமாதிரி என்பது 1968இல் அவர் கண்ட முடிவு. இது வரிசைக்குச் சரி. இருக்கிற ஒன்றோடு சேரும் இன்னொன்றுக்குப் பொருந்துமா? என் இரண்டாம் பிரதி எந்தக் குறையையும் நிரப்பவில்லை. அதை அனாதையாக அங்கே விட்டுவர முடியவில்லை, அவ்வளவுதான். இதை அன்பு என்றும் சொல்லலாம், உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நானே காவல் என்ற கர்வம் என்றும் சொல்லலாம்.

கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய நாள் இரண்டு கார்களிலும் அவர் என்னை அழைத்துப் போனார். முதலில் 911. மலைப்பாதையில் ஒரு வளைவில் நான் பயந்து கைப்பிடியைப் பற்றினேன். அவர் காலைத் தளர்த்தவில்லை. தளர்த்தினால்தான் ஆபத்து என்றார். எடையெல்லாம் பின்னால் இருப்பதால், வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் பாரம் முன்னே சாய்ந்து, பின்சக்கரங்கள் பிடி தளர்ந்து, வால் வெளியே வீசிவிடும். ஆரம்பத்தில் கம்பெனியாரே இதற்குப் பயந்து சில கார்களின் முன் பம்பருக்குள் பதினொரு கிலோ இரும்புக் கட்டி இரண்டு வைத்தார்களாம். 1969 மாடலிலிருந்து சக்கரங்களுக்கிடையே 57 மில்லிமீட்டர் நீட்டினார்கள். பிழை முழுதும் போகவில்லை, பழகிக்கொண்டார்கள். பிறகு 356. அதே பாதை, அதே வளைவு. அது தயங்கியது, இருமியது, கீழ்க் கியரில் முனகியபடி ஏறியது. திரும்பி வந்து இறங்கியதும் அவர் சொன்னார்:

‘முப்பது வருஷமாக அந்தக் கார் இப்படித்தான் என்று எனக்குத் தெரியாது. கார் என்றாலே இப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.’

அவர் ‘அந்தக் கார்’ என்று சொன்னது முதலாவதை. ஒன்று மட்டும் இருந்தவரை அது உலகம். இன்னொன்று வந்தபோதுதான் அது ஒன்றாயிற்று. ஒரு மொழி மட்டும் தெரிந்தவனுக்கு அது மொழியாகவே தெரியாது என்பதைப் போல. இதற்காக நிலத்தை விற்கலாமா என்பது வேறு கேள்வி. அந்த நிலத்தில் அவர் தாய் கொடி கட்டியிருக்கிறாள். வாங்கியவர் அதில் கொடி வளர்ப்பாரா, வீடு கட்டுவாரா என்று அவர் விசாரிக்கவே இல்லை. இந்த விசாரிக்காமையை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதை அவரிடம் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலை கொட்டகையிலிருந்து 356 வெளியேறும் சத்தம் கேட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஓட்டிக்கொண்டு போனது அவர் மனைவி. ரொட்டி வாங்கப் போயிருக்கிறாள் என்றார் அவர். ரொட்டிக்கடை பத்து நிமிஷ தூரம். ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் வாசலில் வந்து நின்றார், உள்ளே போனார், மறுபடி வந்து நின்றார். கார் திரும்பி வந்தபோது அந்த அம்மாள் இறங்கி, ரொட்டிப் பையை என் கையில் கொடுத்துவிட்டு, அவரைப் பார்த்து, ‘இரண்டாவது கியர் கடிக்கிறது’ என்றார். அவர் பழந்துணியை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனார்.